மிசின் "தங்கம்" என்று சொல்லவில்லை

"மிசின் பொய் சொல்லாது தம்பி." புதையல் கதை கதைக்கிற ஆக்களுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருந்தால் போதும், இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். முந்தி மை போட்டுப் பார்க்கிறவர் வந்தார். வெற்றிலையில் மையைத் தடவி, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, "வளவின்ர வடகிழக்கு மூலையில ஒரு பானை தெரியுது" என்றார். அவரோடு சண்டை பிடிக்கலாம். "உமக்கு என்னண்டு தெரியும்?" என்று கேட்கலாம். இப்ப வருகிறவரின் கையில் டிடெக்டர் இருக்கிறது. கொயிலை ஆட்டுகிறார், கீக் என்று சத்தம் வருகிறது, திரையில் 58 என்று ஒரு எண் விழுகிறது. "உள்ளுக்குத் தங்கம் கிடக்கு" என்கிறார். அதோடு எல்லாரும் வாயை மூடிவிடுகிறோம். எண்ணோடு யார் சண்டை பிடிக்கிறது?

நான் பிடிக்கப்போகிறேன். அந்த எண் தங்கம் என்று சொல்லவில்லை. சொன்னது கொயிலைப் பிடித்திருந்த ஆள். இந்தக் கட்டுரை அந்த ஆளுக்கு எதிரானது. அவருடைய பேச்சை நம்பிப் பெக்கோவை ஸ்டார்ட் பண்ணுகிறவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே எதிரானது.

கலைப்பீடத்துப் பிள்ளைக்குப் பௌதிகவியல் என்னத்துக்கு என்று கேட்கிறவைக்கு: வரலாறு படிக்கிறவர்களுக்குத்தான் இது முதலில் தேவை. எங்கட மண்ணுக்குள் கிடக்கிற வரலாற்றை ஒரு எண்ணை நம்பி இரவோடு இரவாகக் கிண்டி எடுக்கிறார்கள். அந்த எண் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் இருக்க எங்களுக்கு உரிமையில்லை.

சரி, எங்கேயிருந்து வருகிறது? சாதாரண டிடெக்டரின் கொயில் ஒரு செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறுகிற ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் ஏதாவது உலோகத்தில் பட்டால் அதற்குள் சின்னச் சின்னச் சுழியோட்டங்கள் எழும்பும். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தவைக்கு இது பழைய பாடம். அந்த ஓட்டங்கள் தங்களுடைய பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் கொஞ்சம் பிந்தி அனுப்பும். எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் மிசின் அளக்கிறது. அந்தப் பிந்தலை 0 முதல் 99 வரையோ, வேறு ஏதாவது அளவிலோ ஒரு எண்ணாக்கித் திரையில் போடுகிறது. அவ்வளவுதான் கதை. மண்ணுக்குள் கிடப்பதன் பெயரை அது எந்த இடத்திலும் கேட்கவே இல்லை.

பிந்தல் எதனால் கூடிக் குறைகிறது? உலோகம் மின்னை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதால். பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிப்பு, வளையமாக இருக்கிறதா, வளையம் உடைந்திருக்கிறதா, கொயிலுக்குப் படுத்துக் கிடக்கிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்பதாலும். இத்தனை காரணங்களும் ஒன்றாகக் கலந்து ஒரேயொரு எண்ணாக வெளியே வருகின்றன. வாய் கட்டின ஒரு சாக்கைத் தராசில் வைக்கிறோம், 25 கிலோ காட்டுகிறது. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே அரிசியா, சீமெந்தா, உப்பா என்று அந்த 25ஐ வைத்து யாராவது சத்தியம் பண்ணினால் அவரை என்ன சொல்லுவீர்கள்?

இதில் ஆகமோசமாக மாட்டுப்படுகிற உலோகம் தங்கம்தான். புதையல்காரர் சொல்லாமல் விடுகிற விசயமும் இதுதான். மின்கடத்தும் வரிசையில் வெள்ளியும் செம்பும் உச்சியில் இருக்கின்றன. தங்கம் அதற்குக் கீழே. தங்கத்துக்கு அடுத்த படியில் யார் இருக்கிறார் என்று பாருங்கோ: அலுமினியம். சுத்தத் தங்கம் செம்பைப்போல ஏறத்தாழ 70 வீதம் கடத்தும் என்றால், சுத்த அலுமினியம் 60 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அதற்கு மேல், நகைத் தங்கம் சுத்தத் தங்கமும் இல்லை. செம்போ வெள்ளியோ கலந்தவுடன் கடத்துதிறன் நன்றாக விழுந்துவிடும். 22 கரட் ஒரு இடத்தில் நிற்கும், 18 கரட் இன்னொரு இடத்தில் நிற்கும். அளவையும் இதோடு சேருங்கள். சின்னத் தோடு பனடோல் அட்டையின் வெள்ளித்தாளுக்குப் பக்கத்தில் வாசிக்கும். மோதிரம் சோடா டின்னைத் திறக்கும்போது இழுக்கிற வளையத்தோடு போய் நிற்கும். தடித்த காப்பு நாணயங்களின் பகுதிக்கு ஏறிவிடும். மெல்லிய சங்கிலி இன்னும் கரைச்சல். மிசின் அதை ஒரு சங்கிலியாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்க்கும். அதனால் ஐந்து பவுண் சங்கிலி ஒரு துண்டு வெள்ளித்தாளைவிடக் குறைவாகக் காட்டக்கூடும், அல்லது ஒன்றுமே காட்டாமல் விடக்கூடும்.

ஆக "தங்கத்தின் எண்" என்று ஒன்று கிடையாது. தங்கம் கீழேயிருந்து மேலே வரைக்கும் பரந்து கிடக்கிறது. அந்தப் பரப்பு முழுக்க அலுமினியக் குப்பையும் கிடக்கிறது. அமெரிக்கப் பூங்காக்களில் பொழுதுபோக்குக்காக நாணயம் தேடுகிறவர்களுக்கு இது பழகின தலையிடி. அவர்கள் நாட்டு 5 சத நாணயம், தங்க மோதிரம், டின் வளையம் மூன்றும் ஒரே இடத்தில்தான் வாசிக்கும். அதனால் மோதிரம் வேண்டுமென்றால் வளையம் எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆகவேண்டும் என்று அவர்களே சொல்லுகிறார்கள். மிசின் விற்கிற நாட்டில் நிலைமை இது. இன்னொன்று: இந்த எண் அளவுகோல்கள் பல அந்த நாட்டு நாணயங்களை வைத்துத்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சில மாதிரிகளின் முகப்பில் அந்தச் சதங்களின் பெறுமதியே அச்சடித்திருக்கும். கனகராயன்குளத்தில் அமெரிக்க 25 சதத்தை யார் புதைத்து வைத்தது? கம்பனிக்குக் கம்பனி அளவுகோலும் வேறு. ஒன்றில் 99 வரை போகும், இன்னொன்றில் 40ஓடு முடியும். ஒரே மோதிரம் இரண்டு மிசினில் இரண்டு எண். யூடியூப்பில் எவரோ சொன்ன எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வேறு மிசினோடு காட்டுக்குள் இறங்குகிற ஆக்களுக்கு இதை யாராவது சொல்லிவிடுங்கோ.

இரும்பை மட்டுமாவது சரியாகப் பிரிக்குமே என்பார்கள். ஆணி, கம்பி என்றால் பெரும்பாலும் பிரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தட்டையான இரும்பும் வட்டமான இரும்பும் மிசினை ஏமாற்றும். வொஷர், நட்டு, சோடாப் போத்தல் மூடி எல்லாம் வட்டம். சுழியோட்டத்துக்கு வட்டம் என்றால் கொண்டாட்டம். இரும்பு என்று விழ வேண்டியது நல்ல உலோகத்தின் எண்ணில் வந்து குந்தும். பெரிய இரும்புத் துண்டு ஆழத்தில் துருப்பிடித்துக் கிடந்தால் எண் உச்சிக்கே ஏறும், வெள்ளி என்று நினைக்கிற அளவுக்கு. "எண் நல்லாக் காட்டினது, தோண்டினால் பழைய மண்வெட்டி" என்ற கதை உலகம் முழுக்க இருக்கிறது. எங்கட பக்கம் மட்டும் அந்தக் கதையின் முடிவு வேறு மாதிரிச் சொல்லப்படும்: "தங்கம்தான் கிடந்தது. காவல் பேய் அதை மண்வெட்டியாய் மாத்திப்போட்டுது." மிசினும் தப்பியது, ஆளும் தப்பினார். அடுத்த வளவுக்குக் கூலியும் நிச்சயம்.

ஆழத்துக்கு வருவோம். "பதினைந்து அடியில பெட்டி கிடக்கு, மிசின் காட்டுது" என்ற வசனம் இருக்கிறதே, அதை நின்று யோசிக்க வேண்டும். கொயில் அனுப்புகிற புலம் தூரத்தோடு வேகமாகத் தேய்கிறது. பொருளில் இருந்து திரும்பி வருகிற புலமும் அதே மாதிரித் தேய்கிறது. போகும்போதும் நட்டம், வரும்போதும் நட்டம். சின்னப் பொருள் ஒன்றுக்கு ஆழம் இரண்டு மடங்கானால், கொயிலுக்கு வந்து சேருகிற சைகை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். 10 சென்ரிமீற்றரில் நன்றாகக் கேட்ட நாணயம் 20இல் 64இல் ஒன்று, 40இல் நாலாயிரத்தில் ஒன்று. சாதாரண மிசின் ஒரு நாணயத்தை ஒரு அடிக்குக் கீழே கேட்பதே பெரிய விசயம். பெரிய பெட்டி, பெரிய கொயில் என்றால் இன்னும் ஆழம் போகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறது வேறு, இன்னதென்று சொல்லுகிறது வேறு. சைகை தேயத் தேய மண்ணின் சத்தம் அதை விழுங்கத் தொடங்கும். எண் முதலில் தளம்பும், பிறகு கண்டபடி குதிக்கும். ஆழம் காட்டுகிற மீற்றரும் கீழே கிடப்பது நாணயம் அளவான பொருள் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்கிறது. பெரிய தகரம் ஒன்று ஆழத்தில் கிடந்தால் அதைக் கிட்டக் கிடக்கிற நாணயம் என்று சொல்லும்.

மண்ணின் சத்தம் என்றேன். மண்ணும் பேசும், முக்கியமாக எங்கட மண். வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் நிறம். வன்னியின் செங்கபில மண்ணும் அந்தச் சாதிதான். கொக்கிளாயிலிருந்து புல்மோட்டைப் பக்கம் போனால் கடற்கரை மணலே இல்மனைற்று. கடலோர ஈர மணலில் உப்புத் தண்ணீர் மின்னைக் கடத்தும், மிசின் அதையே ஒரு மெல்லிய உலோகம் என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இடத்துக்கும் மிசினை மண்ணோடு சமப்படுத்த வேண்டும், பத்து அடி தள்ளி மண் மாறினால் மறுபடியும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஆழத்தில் எண் ஆடத்தான் செய்யும். பக்கத்தில் இன்னொரு உலோகத் துண்டு கிடந்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு எண் வரும், அது இரண்டிற்கும் உரியதல்ல.

அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும் என்று ஒரு பதில் இருக்கிறது. நியாயமான பதில்தான், அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. துப்புரவான மண், நாலைந்து அங்குல ஆழம், என்ன நாணயம் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்த இடம், பல வருடமாக ஒரே மிசின்: இத்தனையும் பொருந்தினால் பழகின ஆள் எண்ணையும் சத்தத்தையும் வைத்துப் பல தடவை சரியாகச் சொல்லுவார். எண் எல்லாத் திசையிலிருந்தும் ஒன்றாக வருகிறதா, சத்தம் உருண்டையாக இருக்கிறதா, கிழிகிறதா என்று பார்ப்பார். ஆனால் அப்படிப் பழகின ஆள் ஒருபோதும் "இது தங்கம்" என்று தோண்டமுதல் சொல்லமாட்டார். "தோண்டிப் பார்க்கப் பெறுமதியான சத்தம்" என்றுதான் சொல்லுவார். எங்கட ஊரில் கூலிக்கு வருகிறவரையும் இவரையும் பிரிக்கிற இடம் அந்த ஒரு வசனம்.

இதில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கொயிலே இல்லாமல் ஒரு கைப்பிடி, அதில் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கம்பி. "ஒரு கிலோமீற்றர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும்." இதுகளைப்பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை, இரண்டு உண்மை போதும். ஜேம்ஸ் மக்கோமிக் என்ற பிரித்தானியர் இந்த மாதிரிக் கம்பிக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக்குக்கு விற்றார். உள்ளே வேலை செய்கிற ஒன்றுமே இல்லை. தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேடித்தரும் என்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமானில் இருந்து பிறந்தது அது. பக்தாத் சோதனைச் சாவடிகளில் அதைப் பிடித்துக்கொண்டு வாகனங்களை விட்டார்கள். 2013இல் அவருக்குப் பத்து வருடச் சிறை. தாய்லாந்து இராணுவம் வாங்கின அதே வகைக் கருவி ஒன்றை 2010இல் அந்த நாட்டு அரசாங்கமே மறைத்து வைத்துச் சோதித்தது: 20 தடவையில் 4 தடவைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் அவ்வளவு வரும். கம்பி ஆடுவதற்குக் காரணம் பிடித்திருக்கிற கைதான், கைக்காரருக்கே தெரியாமல். மை போட்டுப் பார்த்த பிள்ளையின் கண்ணுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இதுவரைக்கும் சொன்னது ஏமாறுகிறவரின் காசு பற்றினது. காசு மட்டும் போனால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

வன்னி மண்ணுக்குள் என்ன உலோகம் கிடக்கிறது என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கோ. ஷெல் துண்டு. ரவைக்கூடு, அது பித்தளை, நல்ல உயரமான "அழகான" எண் காட்டும். 40 மில்லிமீற்றர் கிரனேட்டின் கூடு அலுமினியம். அலுமினியம் எங்கே வாசிக்கும் என்று மேலே சொன்னேன்: தங்கம் வாசிக்கிற அதே பகுதியில். புதையல்காரர் "இரும்பை விட்டுப்போட்டு நடுவில காட்டுறதை மட்டும் தோண்டு" என்று பெடியளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வெடிக்காமல் கிடக்கிற சாமானைத் தேடித் தோண்ட அதைவிடச் சிறந்த வழிகாட்டல் கிடையாது.

அதே வன்னியில், அதே அடிப்படையில் வேலை செய்கிற கருவியை வேறு ஆக்களும் பிடித்திருக்கிறார்கள். முகமாலையில் மிதிவெடி எடுக்கிற அக்காமார். உலகத்திலேயே நெருக்கமாக வெடி விதைத்த நிலங்களில் ஒன்று அது. காலையில் வேலை தொடங்கமுதல் தெரிந்த ஒரு சோதனைத் துண்டுக்கு மேலே மிசினைப் பிடித்து அது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நிலம். சத்தம் வந்தால் அடையாளம் வைத்து, பக்கவாட்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்டி, பொருள் கண்ணுக்குத் தெரியும்வரை போவார்கள். பெரும்பாலும் ஆணி, தகரம், ஷெல் துண்டு. அடுத்த சத்தம். மறுபடியும் அதே சுரண்டல். "இது ஆணியின் சத்தம், விடலாம்" என்று அவர்கள் ஒருநாளும் விடுவதில்லை. ஏனென்றால் வெடியில் இருக்கிற உலோகம் ஒரு ஆணியைவிடக் குறைவாக இருக்கலாம். பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 பிளாஸ்ரிக் கூடு. ஜொனி வெடி மரப்பெட்டி. குறைந்த சத்தம் என்றால் குறைந்த ஆபத்து என்று நினைத்தால் கால் போய்விடும். இந்த நாட்டில் டிடெக்டரை உண்மையாகவே விளங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தான். சத்தம் "இங்க பார்" என்று மட்டும்தான் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றி யூடியூப் சனலுக்கு ஆயிரம் வியூஸ் வராது, அது வேற கவலை.

இனிப் பெக்கோவுக்கு வருகிறேன். முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் புலிகள் புதைத்த தங்கம் என்று சொல்லி நீதிமன்ற அனுமதியோடு தோண்டின செய்திகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பொலிஸ், விசேட அதிரடிப்படை, கிராம அலுவலர், நடுவில் மஞ்சள் பெக்கோ. மாலையில் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று இரண்டு வரி. பிறகு குழியை மூடுவது. எல்லா அகழ்வும் மிசின் காட்டித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. "தகவல் கிடைத்தது" என்பதற்குள் மிசினும் இருக்கலாம், மையும் இருக்கலாம், குடிபோதையில் யாரோ சொன்னதும் இருக்கலாம். என்னுடைய கேள்வி வேறு: ஒரு எண்ணையோ ஒரு கதையையோ நம்பி பெக்கோ வாளியால் கிண்ட இது என்ன வெறும் மண்ணா?

கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் போட வெட்டினபோதுதான் எலும்புகள் வந்தன. பிறகு முறையாகத் தோண்டினபோது உடைகளும், ரவைகளும், இலக்கத் தகடுகளும் வந்தன. ஒரு இலக்கத் தகடு டிடெக்டரில் எப்படி வாசிக்கும்? சின்ன, மெல்லிய உலோகம். தங்கம் தேடுகிறவர் குப்பை என்று கடந்து போகிற எண். ஒரு தாய் இத்தனை வருடமாகத் தேடுகிற பதில் அந்த எண்ணில்தான் இருக்கும். செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் வெளியே வந்தவற்றில் குழந்தையின் எலும்புக்கூடும், நீலப் பள்ளிக்கூடப் பையும், பொம்மையும் இருந்தன. அங்கே கொயிலைப் பிடித்திருந்தால் ஒரு சத்தமும் வந்திருக்காது. "இஞ்ச ஒண்டும் இல்லை" என்று சொல்லி அப்பால் நடந்திருப்பார்கள்.

தங்கமும் கிடக்கலாம், மறுக்கவில்லை. இடம்பெயரும்போது வளவுக்குள் நகையைப் புதைத்துவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனை. திரும்பி வந்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள், திரும்பியே வராதவர்கள் இருக்கிறார்கள். அது புதையல் கிடையாது, யாரோ ஒரு அக்காவின் தாலிக்கொடி. அதைத் தேட வேண்டுமென்றால் உரித்துள்ளவர் பக்கத்தில் நிற்க, கையால் தேடலாம்.

இதே கதை இன்னும் பழைய மண்ணுக்கும் பொருந்தும். 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் ஒரு முத்திரை கிடைத்தது. எங்கட வரலாற்றுப் புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. அது முக்கியமானது என்பதற்குப் பாதிக் காரணம் அது கிடந்த இடம்: எலும்புக்கூட்டோடு, மட்பாண்டங்களோடு, எந்தப் படையில் என்று பதிந்து எடுத்தார்கள். அதே முத்திரையை ஒருத்தர் டிடெக்டரால் பிடுங்கி எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தால் "எங்கேயோ கிடைத்த ஒரு சின்னச் சாமான்" என்பதற்கு மேலே ஒன்றும் சொல்ல முடியாது. கந்தரோடையில் கிடைக்கிற மாதிரியான துருவேறின சின்னச் செப்புக் காசு, யாழ்ப்பாண அரசர் அடித்த சேது நாணயம், இதெல்லாம் புதையல்காரருக்கு "தங்கமில்லை, எறி". 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அனுமதியில்லாமல் தோண்டுவதைக் குற்றம் என்கிறது. தொல்பொருள் திணைக்களத்தோடு எங்களுக்கு இருக்கிற கணக்கு பெரிய கணக்கு, அது வேறு கட்டுரை. அந்தக் கோபத்துக்காக எங்கட மண்ணை நாங்களே கிண்டிக் கொட்ட முடியாது.

மிசினே வேண்டாம் என்று நான் சொல்லுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லோஸ் என்ற சிநேகிதர் டிடெக்டரோடு தேடப் போனார். சுத்தியலுக்குப் பதில் உரோமர் காலப் பொன், வெள்ளி நாணயங்கள் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்தவுடனேயே தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் வந்து, பெட்டியின் மிச்சங்களோடும், எது எதுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவோடும் மண்ணைப் படை படையாக எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 நாணயங்கள். சுத்தியலும் கடைசியில் கிடைத்தது, அது இப்போது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அவருடைய மிசின் ஒன்றும் அதிசய மிசின் இல்லை. அது "உரோமப் பொன்" என்று திரையில் எழுதவும் இல்லை. அந்த மனுசன் மண்வெட்டியைக் கீழே வைத்ததால்தான் எங்களுக்கு அந்தக் கதை முழுதாகத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை. உங்கட ஊருக்கு மிசினோடு யாராவது வந்து "தங்கம் காட்டுது" என்றால் சண்டை பிடிக்க வேண்டாம். பத்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மண் போட்டு மூடுங்கள். ஒன்றில் ஒரு மோதிரம். மற்றதுகளில் டின் வளையம், பனடோல் அட்டை, சோடா மூடி, ரின்மீன் டின்னின் ஒரு துண்டு, சிலதில் ஒன்றுமே வேண்டாம். எதில் எது என்று தெரிந்த ஆள் அந்த இடத்திலேயே நிற்கக்கூடாது, அவருடைய முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மோதிரம் எங்கே என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு மாற்றி வைத்து மறுபடியும், இருபது தடவை. சரி பிழையைக் கொப்பியில் எழுதுங்கள். எட்டு அங்குல மண்ணுக்கே இந்தச் சோதனை, பதினைந்து அடிக்கு இல்லை. "இண்டைக்கு நாள் சரியில்லை" என்பார், "இப்பிடிச் சோதிச்சால் மிசின் வேலை செய்யாது" என்பார். அவர் இருபதையும் செய்து முடிக்கும்வரை பெக்கோக்காரரைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கோ.